கோடு எந்தப் பக்கம்

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். ஜோர்தானில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மனதுக்குச் சுகம் என்று மட்டும் எழுத வரவில்லை. ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் லீவு முடிந்து நாளை அங்கே திரும்பும் நிரோஷாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தம்பி அஜந்தன் வரக்காப்பொலயில் கடையிலேயே தங்கி வேலை செய்கிறான், அவன் இந்த மலைக்குக் கீழே படுப்பதில்லை என்பதே எனக்கு இப்போது பெரிய ஆறுதல். மழை விடவே இல்லை, றப்பர் பால் வெட்டும் இல்லை, சும்மா உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம் லயத்து வீடுகளுக்கு மேலே, றப்பர் மலையில், மண்சரிவு வருமுன்னே சைரன் அடிக்க ஒரு பெட்டி வைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. அதற்குள் இருக்கும் சர்க்கிட் போர்ட், டவுனில் அம்மா வேலை செய்யும் சின்னப் பட்டறையில் அவள் கையாலேயே சின்னச் சின்னச் சாமானாக ஓட்டையில் குத்தினது. நம் பக்கத்து மலைகளுக்கென்று கொஞ்சப் பெட்டிகள்தான் செய்தார்கள். போன வாரம் அங்கே முதலாளி மாத்தயா ஒரு மெசினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கும் பக்கத்தில் இருக்கிற அனிற்றாவுக்கும் ஒரே சிரிப்பாம். நாலைந்து போர்ட்டுக்காக அதற்குச் சாமானை ஊட்டி, எந்த ஓட்டையில் எதைப் போடுவது என்று சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் இவர்கள் கையால் குத்தி முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டார்களாம். கடைசியில் மெசின் போட்ட போர்ட்டை அம்மா எடுத்துப் பார்த்தால், பருப்பு மாதிரி இருக்கும் மஞ்சள் துண்டின் கோடு அவள் குத்தும் பக்கத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. உன் அம்மாவைத் தெரியுமே, மெசின் பிழை விட்டுவிட்டது என்று பட்டறை முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறாள். மெசின்காரப் பையன் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மெசின் சரி, இந்தத் துண்டில் கோடு இருப்பது பிளஸ் பக்கம் என்றானாம்.

என்ன நடந்தது தெரியுமா. அம்மாவுக்கு வேலை பழக்கிக் கொடுத்த சுப்பவைசர் அரைத் தமிழும் அரைச் சிங்களமும் கலந்து பேசுகிறவர். அவர் "கொட்ட மைனஸ்" என்று சொன்னது சிங்களம், துண்டின் இரண்டு கம்பிக் கால்களில் குட்டைக் கால் மைனஸ் பக்கம் போக வேண்டும் என்று அர்த்தம். இவளோ அவர் தமிழில் "கோட்ட மைனஸ்ல வை" என்கிறார், துண்டில் போட்டிருக்கும் கோட்டைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பழைய கறுப்புத் துண்டுகளில் கோடும் குட்டைக் காலும் ஒரே பக்கம், அதனால் இத்தனை காலம் பிழை வரவில்லை. இந்த மஞ்சள் துண்டு புதிது, நம் மலைப் பெட்டியிலும் அம்மா அதை மாற்றித்தான் குத்தியிருக்கிறாள். மாற்றிப் போட்டாலும் முதலில் நன்றாகத்தான் வேலை செய்யுமாம், பிறகு என்றைக்கோ ஒரு நாள் எரிந்துபோய் பெட்டி ஊமையாகிவிடுமாம். அந்தப் பையன் சொன்னது இதுதான்.

அம்மா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். வேலை போய்விடும், பொலிஸ் வரும் என்று நான்தான் பயந்து, "பேசாம இரு புள்ள" என்றேன். அவள் கேட்கவில்லை, விடிந்ததும் போய் மாத்தயாவிடம் சொல்லிவிட்டாள். நல்ல மனுசன், ஏசவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டதாம். ரோட்டோரம் இருந்த பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம் மலைக்கு ஏறும் பாதை வழுக்கிக் கிடக்கிறது, மழை குறையட்டும் என்கிறார்கள். மழைக்காகத்தானே பெட்டி வைத்தது, மகள்.

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், சைரனை நம்பாதீர்கள், ராத்திரிக்கு மலையை விட்டுத் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று. சில குடும்பங்கள் வந்தன. மற்றவர்கள், சனிக்கிழமை சோதித்துப் பார்த்தபோது அடித்ததே, "ஓம் பொண்டாட்டிக்குப் பைத்தியம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் வராமல் அம்மாவும் வரமாட்டேன் என்கிறாள். "நான் குத்துன பெட்டிய நம்பித்தானே படுக்குறாக, அது கத்தாட்டி நான் கத்துறேன்" என்று வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போக. மேலே ஒரு கல் உருண்டாலும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, நைட் சிப்ட் என்று பட்டினி கிடக்காதே. எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நல்லா இருக்க வேண்டும் மகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை. ராத்திரியில் ஃபோன் கிடைக்காவிட்டால் பயப்படாதே, நாங்கள் அங்கே இருக்கிறோம். நான் ஃபோனை எடுத்தால்தான் நீ பயப்பட வேண்டும், இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம் என்று அர்த்தம். அப்போது என்னிடம் சுகம் விசாரித்துக்கொண்டிருக்காதே, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அவளைத் திட்டு, அழு, எப்படியாவது எழுப்பி நடக்க வை. நீ சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா கன்னையா