அரிசியளவு பசை

நம் பிள்ளைகள் இரண்டையும் தனியாளாகக் கட்டி மேய்க்கும் உனக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை.

கணினியின் பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பசை வைப்போம். சூடு கடந்துபோக அரிசியளவு போதும். தடித்தால் அதுவே சூட்டை மறிக்கும். பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை. என் வயதில் பாதிகூட இல்லாத மேலாளர் நேற்று வந்து, "என்ன சார் இவ்ளோ கஞ்சத்தனம்? தாராளமா அப்புங்க" என்றான்.

"சுவருக்கா சுண்ணாம்பு அடிக்கிறோம்?" என்றேன்.

பசைக் குழாயைப் பிடுங்கி அவனே அப்பினான். பத்து நிமிடத்தில் கணினி கொதித்து அணைந்தது. உடனே அதைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்த வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "வயசாயிடுச்சு, கை நடுங்குது. நாளைலேருந்து இவரைப் பார்சல் பெட்டி கட்டப் போட்டுடறேன்" என்றான்.

எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, அந்த வாடிக்கையாளர் கண்முன்னே அரிசியளவு வைத்து மூடினேன். மாலைவரை ஓடியது.

"இனிமே இவர்தான் என் மிஷினைத் தொடணும்" என்றார் அவர்.

"நான் சொல்லிக்குடுத்ததுதானே!" என்று இளிக்கிறான் மேலாளர். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் நாற்காலி தப்பியது, நீ கவலைப்படாதே.

இங்குள்ள துணியெல்லாம் நூல் உதிர்கிறது, பசை துடைக்க ஆகாது. உன் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். துணியைத் துவைத்து அனுப்பாதே, நானே துவைத்துக்கொள்கிறேன்.