காணாமல் போன பியானோவும் பாட்டுக் குழுவின் ஒப்புதல் வாக்குமூலங்களும்

அனுப்புநர்:
நோலீன் டிரெகா,
படகுத்துறைச் சாலை,
கார்மொரன்ட் பாயின்ட், டாஸ்மேனியா.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நகரசபை அலுவலகம்,
கார்மொரன்ட் பாயின்ட்.

பொருள்: வியாழக்கிழமைப் பாட்டுக் குழு நகரசபை மண்டபத்தில் நுழைய விதிக்கப்பட்ட தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மறதிநோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நாங்களும் வியாழன்தோறும் காலையில் நகரசபை மண்டபத்தில் கூடிப் பாடிவந்தோம். என் கணவர் டெஸ்மண்ட், அக்கரைக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் ஃபெரியில் வேலை பார்த்தவர். இப்போது அவருக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. பாட்டு மட்டும் வரி பிசகாமல் வருகிறது.

2. சென்ற மாதம் ஒரு வியாழனன்று மண்டபத்துப் பியானோவைக் காணவில்லை. தகவல் தந்ததே நாங்கள்தான். சொத்துப் பாதுகாப்பு அலுவலர் திரு. கிரெய்க் டன்ஸ்டன் உடனே வந்தார்; அவரது வேகத்தைக் குறைகூற இயலாது. எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்து, "பியானோவ யாரு எடுத்தது? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார்.

3. யாரும் பயப்படவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திருமதி வால்மா ஹார்கிரேவ் கையைத் தூக்கி எழுந்து, "நான்தான் சார். திங்கக்கிழமை திருப்பி வெச்சிடறேன்" என்றார். திரு. ஸ்பைரோ, "அந்தம்மா பொய் சொல்லுது. எடுத்தது நான். முதல்ல ஒரு டீ போடுப்பா, விவரமா சொல்றேன்" என்றார். அதன்பின் ஆளாளுக்குப் போட்டி.

கடைசியாக என் கணவர் வாய் திறந்தார். "நானும் நோலீனும்தான் ஃபெரில ஏத்தினோம். அன்னிக்குக் காத்துன்னா காத்து! இவ கட்டின கட்டுல பியானோ ஒரு இஞ்ச் அசையலயே."

திரு. டன்ஸ்டன் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார். மறுத்திருக்கலாம். ஆனால் என் கணவர் என் பெயரைச் சொல்லி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. என்னை 'நர்ஸம்மா' என்றே அழைத்துவந்தார். ஆகவே, "ஆமாங்க, கயிறு கட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

4. மறுவாரமே தடைக் கடிதம் வந்தது. அதற்கடுத்த நாள் பியானோவும் கிடைத்தது. கரையான் மருந்து அடிப்பதற்காக நகரசபைப் பணியாளர்களே அதை நூலகத்தின் பின்னறைக்கு மாற்றியிருந்தார்கள். திரு. டன்ஸ்டனை அழைத்துப் போய்க் காட்டினேன். "பியானோ கிடைச்சது வேற விஷயம்மா. இவங்க ஒத்துக்கிட்டது வேற விஷயம்" என்றார்.

5. இப்போது கார் நிறுத்துமிடத்தில் பாடுகிறோம். கடல்காற்றில் பக்கத்து ஆள் குரல்கூடக் கேட்பதில்லை. வால்மாவுக்குச் சளி பிடித்துவிட்டது. ஸ்பைரோவை அவர் மகள் அழைத்து வருவதில்லை. என் கணவர் பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பாடாமலே காரில் ஏறிவிடுகிறார்.

6. ஆகவே, தாங்கள் தயைகூர்ந்து தடையை நீக்கி, மண்டபத்தையும் பியானோவையும் எங்களுக்குத் திரும்பத் தருமாறு வேண்டுகிறேன். மற்றவர்களின் வாக்குமூலங்களை ரத்து செய்யலாம். என் கணவருடையதை மட்டும் அழித்துவிட வேண்டாம். அந்த ஒலிப்பதிவின் பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தால், அதற்காக என்மீது எந்த வழக்குப் போட்டாலும் ஆட்சேபணை இல்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
நோலீன் டிரெகா

இடம்: கார்மொரன்ட் பாயின்ட்
நாள்: 17 ஆகஸ்ட் 2023