இருசம்மாள் அக்காவின் இடது கை

7 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

இன்று பேக்டரியில் ஓவர்டைம் இல்லை. காலையில் கொட்டகையில் சாணி அள்ளினேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து என் ஓரகத்தி இருசம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் பால் கறந்துகொண்டே சொன்னார்: “திலகா, எனக்கு இனி புள்ள வேணாம். கையில ஏதோ மருந்து வைக்கிறாங்களாம், மலாக்கா கிளினிக்ல. அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லையாம்.”

கடைசிப் பிரசவத்தில் அக்காவுக்குப் போன ரத்தத்தை நான் பார்த்தவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் அப்போதே அக்காவின் புருஷன் மணியம் மாமாவிடம் சொன்னார். மாமா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மாத்திரையும் சரிப்படவில்லை. விடியுமுன் மாடுகளைச் செம்பனைக் காட்டுக்குள் ஓட்டிப் போகிற அக்காவுக்குப் பாதி நாள் மறந்துவிடுகிறது.

10 ஆகஸ்ட்

அக்கா மாமாவிடம் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது.

“மூணும் பொட்டப்புள்ள. ஒரு ஆம்பளப்புள்ள வேணாமா?”

“அத வளக்க நான் இருக்க வேணாமா?”



18 ஆகஸ்ட், வியாழன்

லீவு போட்டுவிட்டு அக்காவோடு போனேன். மஸ்ஜித் தானாவில் பஸ் ஏறினோம்.

அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி மலாய்க்காரர். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டார். மலாய்க்காரர் ஊரான கம்பத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிற அக்காவுக்கு மலாய் நன்றாகவே வரும். “தெரியும். பிடிக்கல,” என்று மலாயிலேயே சொன்னார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு?” என்றார். “நான் யோசிச்சுத்தான் வந்தேன்.”

இடது கையில், முழங்கைக்கு மேலே, மரத்துப்போக ஊசி. சின்னக் கீறல். தோலுக்கடியில் தீக்குச்சி மாதிரி ஆறு மெல்லிய குச்சிகள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, “மூக்கணாங்கயிறு போடறப்ப மாடு எவ்வளவு துடிக்கும்! இது ஒண்ணுமே இல்ல,” என்று சிரித்தார்.

மாமாவிடம் மறைப்பார் என்றுதான் நினைத்தேன். மாமா லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் கட்டுப் போட்ட கையைக் காட்டி, “வச்சிட்டு வந்துட்டேன்,” என்றார். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? என்னால் முடியுமா?

மாமா சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

21 ஆகஸ்ட்

மாமா பேசுவதில்லை. அக்கா கனமானதைத் தூக்கக்கூடாது என்பதால் நான்தான் பால் கறக்கிறேன். மாட்டிடம் இரண்டு தடவை உதை வாங்கிவிட்டேன்.

4 செப்டம்பர்

குச்சி ரத்தத்தோடு ஓடிப்போய் நெஞ்சில் குத்துமாம். லயத்து வரிசை வீடுகள் முழுக்க இதே பேச்சு. கடைசி வீட்டில் ஆடு வளர்க்கிற பெத்தம்மாள் அக்கா நேரிலேயே வந்து கேட்டார். எங்கள் அக்கா சட்டைக் கையை மேலே ஏற்றி, “தொட்டுப் பாருங்கலா. வச்ச எடத்துலதான் இருக்கு,” என்றார். அவரும் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்க மனசே இல்லாத மாதிரி இருந்தது.

13 அக்டோபர்

குச்சியை எடுத்துவிடச் சொல்லி மாமாவே அக்காவைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். அக்கா மறுக்கவில்லை. பத்து பெரண்டாம் ஊர் பேக்டரியில் உட்கார்ந்திருந்தேனே தவிர, எனக்கு வேலையே ஓடவில்லை — எடுத்திருப்பார்களோ, எடுத்திருப்பார்களோ.

எடுக்கவில்லை! மாமா பேசி முடிக்கும் வரை மிஸ்ஸி கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு அக்காவைப் பார்த்து, “உங்களுக்கு எடுக்கணுமா?” என்றாராம். “வேணாம்.” “அப்போ எடுக்க மாட்டேன்.” திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் வந்தார்களாம்.

“பயமா இல்லையாக்கா?”

“இருந்துச்சுலா. அதுக்காக?”

29 நவம்பர்

எல்லாம் சுலபமாக இல்லை. உதிரப்போக்கு நினைத்தபோது வருகிறது. தலைவலி வேறு. எடுத்துவிடலாமே என்று நானே கேட்டுவிட்டேன். “இப்படி இருக்கும்னு மிஸ்ஸி முன்னாடியே சொன்னாங்க. தாங்க முடியலன்னா நானே போயி எடுத்துக்குவேன். அடுத்தவங்க சொல்லி இல்ல.”

ஜனவரி 1995, மாட்டுப் பொங்கல்

அக்காவுக்கு இன்றைக்கென்று பார்த்து உதிரப்போக்கு. தீட்டோடு மாட்டுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். அவரே குங்குமத் தட்டோடு போனார். முதல் மாடே கொம்பை ஆட்டியதில் தட்டு பறந்தது. என் வீட்டுக்காரர் போனார். அவரையும் அண்டவிடவில்லை.

அக்கா தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்தார். யாரையும் எதையும் கேட்கவில்லை. “வருஷம் பூரா நான் சாணி அள்ளறப்ப யாரும் தீட்டு பாக்கலியே,” என்றார். கோபமாகக்கூட இல்லை. ஒவ்வொரு மாடாகக் கழுத்தைத் தடவிப் பொட்டு வைத்தார். அதுகளும் குழந்தை மாதிரி நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றன.

கடைசி மாடு வரைக்கும் மாமா தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார்.

12 மார்ச்

பெத்தம்மாள் அக்காவும் கிளினிக்குப் போய்வந்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

18 ஜூன், ஞாயிறு

மாமாவின் தங்கை புனிதா கோலா சுங்கை பாருவிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். மூத்தது சேலையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது இடுப்பில், கைக்குழந்தை பாயில். புனிதாவின் முகம் வெளுத்துக் கிடக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் இப்படி ஆயிட்ட?”

“வருஷத்துக்கு ஒண்ணுண்ணே. எந்திரிச்சி நிக்கவே தெம்பில்ல.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: “நாளைக்கு ஒங்க அண்ணிகூட கிளினிக்குப் போ. என்னென்ன இருக்குன்னு கேளு. அப்புறம் ஒனக்கு எது சரின்னு படுதோ செய். நான் லாரி எடுக்கல. மாட்டப் பாத்துக்குறேன்.”

அக்கா புனிதாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.