மதிலுக்கு அப்பால் ஒரு டாம் பலகை

2025 மே 6
மகன் றிஸ்வான் கட்டாரிலிருந்து காசனுப்பிக் கட்டித் தந்த வீடு இது. டைல்ஸ், ஆள் உயர மதில், றிமோட்டில் திறக்கிற கேற். பழைய வீட்டை ஊர் வழக்கப்படி மகள் றுமானாவுக்குச் சீதனமாக எழுதிவிட்டோம். மருமகன் வந்த வீட்டில் நாங்கள் குறுக்கும் மறுக்கும் நடப்பது அழகில்லை என்று இங்கே வந்தோம்.

இன்று என் மனிசன் செருப்பைக் கழற்றிப் பிரிட்ஜுக்குள் வைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மே 15
பின்னேரம் அஸர் தொழுததும் கேற்றைப் பிடித்து உலுக்குகிறார். எங்கே போகணும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வட்டவிதானையாக இருந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட மனிசன். வரம்புக்கு வரம்பு சண்டை தீர்த்த வாய். இப்போது என்னோடு ஒரு வார்த்தை பேசினால் பெரிய காரியம்.

"கேற்றப் பூட்டி வைங்க உம்மா, வாப்பா வழி மாறிப் போயிருவாரு" என்று றிஸ்வான் போனில் சொன்னான். பூட்டினேன்.

மே 16
கண்ணுக்கு முன்னால கரையிறாரு, யா அல்லாஹ். நான் என்ன செய்ய? ஆருக்கிட்டச் சொல்ல?

மே 28
கிளினிக். மாத்திரையெல்லாம் பையில் கட்டிக்கொண்டு போனேன். மறதி நோய் தொடங்கிவிட்டது, முழுசாக நிறுத்த மருந்து இல்லை என்றார் டொக்டர். பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு ஆரோடயெல்லாம் கதைக்கிறாரு?"

"என்னோடதான்."

"அது காணாது உம்மா. நடக்கணும், ஆக்களோட பழகணும். பிரஷரையும் சீனியையும் கவனியுங்க."

மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து. எங்கே போய் வாங்குவது?

ஜூன் 1
கேற்றைத் திறந்துவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பழைய வீட்டைத் தேடித்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடை வாகை மரத்தடிக்குப் போனார். கடல் தொழிலை விட்டபின், இவரை அண்ணனாக நினைத்துக் காக்கா என்கிற கூட்டாளி கோணாமலை அங்கேதான் பொழுது போக்குகிறார். முன்னால் கட்டம் கட்டமாய்க் கோடு போட்ட டாம் பலகை, காய்களுக்குச் சோடா மூடிகள்.

"எங்க காக்கா இவ்வளவு நாளும்? இரிங்க."

இவர் இருந்தார். காய் நகர்த்தினார், வெட்டினார். அதோடு வாய் திறந்தது பாருங்கள் — பெரிய வெள்ளத்தில் எந்த அணையை வெட்டிவிட்டது, ஆர் தடுத்தது, ஆர் மண்வெட்டியோடு ஓடியது, ஒவ்வொரு பேராக வந்தது. வீட்டில் என் கண் முன்னால் அணைந்துகொண்டிருந்தவரா இவர்? சுப்ஹானல்லாஹ். இவ்வளவும் உள்ளேதான் கிடந்ததா?

ஜூன் 2
இன்றும் போனோம். சீனி போடக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. கேட்பாரா தெரியாது.

ஜூன் 19
எனக்குக் காய்ச்சல். இவர் தனியாகப் போய்ப் பெரிய வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

றுமானா ஓடி வந்தாள். "வீட்ட மாத்துவம் உம்மா. நாங்க இஞ்ச வாறம். நீங்க அங்க போங்க."

"சீதனத்தத் திருப்பி வாங்கினா ஊர் என்ன சொல்லும் புள்ள?"

"என்னத்தையும் சொல்லட்டும். வாப்பாக்கு அந்த ஊர்தானே வேணும்."

டைல்ஸ் வீடு என்றதும் மருமகன் தேத்தண்ணி குடித்து முடியுமுன்னே சம்மதித்துவிட்டார். றிஸ்வானுக்குத்தான் கோபம், போனை வைத்துவிட்டான். தன் உழைப்பை உதறிவிட்டோம் என்று நினைக்கிறான். பாவம்.

ஜூலை 27
பழைய வீட்டுக்கு வந்துவிட்டோம். கேற்றும் இல்லை, பூட்டும் இல்லை. கிணற்றடியில் பாசி.

செப்டம்பர் 18
நோய் போகவில்லை. காலையில் தின்ற இடியப்பத்தை இல்லை என்று சாதிக்கிறார். ஆனால் போன முறையைவிட மோசமில்லை என்று டொக்டர் சொன்னார்.

பின்னேரம் வாகை மரத்தடியிலிருந்து இவரை வீட்டுக்குக் கூப்பிடப் போனேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் பேரைத் தேடுகிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது, பேர் வரவில்லை. அவர் கொஞ்சமும் கலங்காமல் கோணாமலையின் பக்கம் திரும்பினார்.

"இவட பேர் என்ன தம்பி?"

கோணாமலை பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "றபீக்கா, காக்கா. உங்கட பொஞ்சாதி. நல்லா ஏசுவா."

"ஏசுறது எனக்குத் தெரியும்" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "றபீக்கா, இந்த ஆட்டம் முடியட்டும் புள்ள" என்றார்.

நான் அவர்கள் இருந்த மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.