யன் அக்காவுக்கு மூன்று நாள் ஷியான்

ஷியான், மேற்கு வாசல்
ஏப்ரல் 9, வியாழன்

மதிப்பிற்குரிய யன் அக்காவுக்கு,

லூ தேஷான் வணக்கத்துடன் எழுதுவது.

நான் அனுப்பிய இலந்தைப் பெட்டி இன்று காலை திரும்பி வந்துவிட்டது. ஐந்து கிலோவும் அப்படியே இருந்தது. அதன் மேல் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஆறு கருவாடு, அடியில் உங்கள் சீட்டு. போன மாதம் ஃபோன் வழியாக நான் போட்ட பணத்தையும் நீங்கள் தொடவில்லை. ஒரு நாள் கழித்து அது தானாகவே என்னிடம் வந்தது. "தம்பி, நான் உங்களுக்கு எதையும் விக்கல. விக்காத பொருளுக்கு வெல குடுக்காதீங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி ஃபெங்லான் அதை வாங்கிச் சத்தமாக இரண்டு தடவை படித்தாள். "முப்பது வருஷமா நான் சொல்ல முடியாதத ஒரே வரில சொல்லிட்டாங்க பாரு. நன்றியக்கூட தராசுல வெச்சுத்தான் உனக்குக் குடுக்கத் தெரியும்" என்றாள். கருவாட்டை மத்தியானமே வதக்கிவிட்டாள். தெரு முழுக்க மணம். பக்கத்துக் கடைக்காரர் வந்து, கடல் எப்போது மேற்கு வாசலுக்கு வந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஃபோனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் பேசினால் மொத்த வியாபாரிக்குச் சரக்கு தள்ளுகிற தொனி வந்துவிடுகிறதாம். ஃபெங்லான்தான் எழுதச் சொன்னாள்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். மார்ச் மாதம் நிங்போவில், உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் மகன் செங்கேயின் அறையில் இரண்டு காலை தொடர்ந்து அலாரம் அடித்து ஓயாமல் இருந்ததைக் கேட்டு நீங்கள் கதவைத் தட்டினீர்கள். பூட்டுக்காரன், வீட்டுக்காரர் வராமல் திறக்க மாட்டேன் என்று நின்றபோது, "நான்தான் அவன் அம்மா, தொற" என்று சொன்னீர்கள். குடல்வால் வெடித்துக் கிடந்தவனை அந்தப் பூட்டுக்காரனோடு சேர்ந்து ஐந்து மாடி கீழே இறக்கினீர்கள். அறுபத்தேழு வயதில், அந்த முழங்காலோடு. இன்னும் நான்கு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை ஃபெங்லான் அங்கே வந்தபோது கேட்டாள். நீங்கள் அம்மா என்று பொய் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களாமே. அவள் இங்கே வந்து என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு அவங்க அம்மாவா இல்லேன்னா, இன்னிக்கு நான் அம்மாவா இருக்க மாட்டேன்." அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை, அக்கா. பணம் அனுப்பியது அதனால்தான். வேறு பாஷை தெரியாது.

இப்போது உங்கள் சீட்டில் இருந்த மற்ற விஷயம். ஷியானைப் பார்த்ததே இல்லை, ஏப்ரல் 24 வெள்ளி கிளம்பித் திங்கள் திரும்ப வேண்டும், அதற்கு மேல் பேத்தியை விட்டு இருக்க முடியாது, என்னென்ன பார்க்கலாம் என்று எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதே எங்களுக்குப் பெரிய மரியாதை. கூடவே, "செங்கேயையும் கூப்பிட்டேன். எங்க வீட்டுல கொழுக்கட்டைதான் கெடைக்கும்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டான். அது என்ன கொழுக்கட்டை?" என்று ஒரு கேள்வி.

அதை நான்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து இறங்குகிறவருக்கு முதல் சாப்பாடு நூடுல்ஸ். நீள நீளமான இழை காலைச் சுற்றிக்கொண்டு ஆளை இருக்க வைக்கும் என்று அர்த்தம். ஊருக்குப் புறப்படுகிறவருக்குத்தான் இறைச்சிக் கொழுக்கட்டை. விளிம்பை அழுத்தி மூடிவிட்டோம், நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆறு வருஷம் முன்னால், புத்தாண்டுக்கு நான்கு நாள் இருந்தது. எங்கள் தொழிலுக்கு அதுதான் அறுவடை. இலந்தையும் அக்ரூட்டும் வாங்கத் தெருவில் ஜனம் வரிசையாக நிற்கும். ஃபெங்லான் அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அதற்கு ஒரு மாதம் முன்பு எனக்கும் செங்கேக்கும் ஃபோனில் பெரிய சண்டை. கடையை எடுத்துக்கொள்ள மாட்டேன், நிங்போவில் கப்பல் வரைபட வேலை கிடைத்துவிட்டது என்றான். "அப்ப அங்கயே இருந்துக்க" என்று வைத்துவிட்டேன். அப்படியிருந்தும் அவன் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றான். கடையில் பதினோரு பேர் நின்றார்கள். நான் உள்ளே ஓடினேன். ஃப்ரீசரில் இருந்த பாக்கெட்டைக் கொதிக்கிற நீரில் கொட்டி, தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக் கடைக்கு ஓடினேன். பையன் பசியோடு வந்திருக்கிறான் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. தட்டில் இருப்பது என்ன என்று நான் பார்க்கவில்லை.

அவன் பார்த்தான். கடை வாசலுக்கு வந்து, "புரிஞ்சுதுப்பா" என்றான். நான் ஒரு அம்மாவுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன், "சரி சரி" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் ஃபெங்லான் வந்து தட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வந்த புள்ளைக்கு எவனாவது கொழுக்கட்டை வெப்பானா?" என்றாள். அவனுக்கு ஃபோன் செய்து, அப்பா தெரியாமல் வைத்துவிட்டார் என்று சொன்னாள். "அத அவரே சொல்லட்டும்மா" என்றானாம்.

நான் சொல்லவில்லை. அப்பனைத் தெரிந்தவன் புரிந்துகொள்ள வேண்டாமா என்று முதல் வருஷம் கோபம். இரண்டாம் வருஷம் வெட்கம். அதற்குப் பிறகு பழகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் நான் வராததற்குக் காரணம் கடை இல்லை, அக்கா. கண் விழிக்கும்போது என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதை ஃபெங்லானிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தை நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டலாம்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன்.

வெள்ளி சாயங்காலம் வடக்கு ஸ்டேஷனில் இறங்குவீர்கள். வெளியே கார்க்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், திரும்பியே பார்க்காதீர்கள். அங்கேயே மெட்ரோ. பெட்டி இருக்கும், படி இருக்கும். தூக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஃபெங்லான் கையால் நூடுல்ஸ். மாவை அவளே இழுப்பாள், நான் பக்கத்திலேயே போக மாட்டேன்.

சனி காலை கோட்டை மதில். உங்கள் வயதுக்கு டிக்கெட் கிடையாது, அடையாள அட்டை போதும். தெற்கு வாசலில் ஏறுங்கள். வெயில் ஏறினால் மேலே நிழலே கிடையாது, எட்டு மணிக்கே போய்விட வேண்டும். சுற்றி வரப் பதினாலு கிலோமீட்டர், நடக்க வேண்டாம். இருவர் மிதிக்கும் சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள், நீங்கள் பின்னால் சும்மா உட்காரலாம், முன்னால் ஒருவர் மிதித்தால் போதும். மத்தியானம் ஆட்டுச் சாற்றில் ரொட்டி. ரொட்டியை நீங்களேதான் கிள்ளிப் போட வேண்டும், மொச்சைக்கொட்டை அளவுக்கு. பெரிதாகக் கிள்ளினால் சமையல்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அரை மணி நேரம் ஆகும், எதிரில் பேச யாராவது வேண்டும்.

ஞாயிறு, பழைய பேரரசரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்து வைத்த மண் சிப்பாய்கள். வழியில் பச்சைக்கல் கடையில் இறக்கிவிடுகிற பஸ்ஸில் ஏறாதீர்கள். என் நண்பர் வண்டி அனுப்புகிறேன். அதில் பின் சீட்டு இரண்டு.

இதுவரை எழுதியதை ஃபெங்லான் என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டாள். "பெட்டிக்கு ஒரு ஆள், சைக்கிளுக்கு ஒரு ஆள், சோத்துக்கு ஒரு ஆள், வண்டில ஒரு சீட்டு. இது யன் அக்காவுக்குப் போட்ட திட்டமா, இல்ல வேற யாருக்காவதா?" என்று கேட்டாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் மறைக்க முடியாது. உங்களிடமும் மறைக்கவில்லை. அவனிடம் கேட்டுப் பாருங்கள், அக்கா. இல்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள். சைக்கிளை நானே மிதிக்கிறேன்.

ஏப்ரல் 10

தபாலில் போடுவதற்கு முன் இதை நேற்றே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஃபெங்லான் உங்களுக்கு அனுப்பிவிட்டாள் என்பது இன்று காலை உங்கள் ஃபோன் வந்த பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் நீங்கள் சொன்னதைக் காகிதத்தில் எழுதி வைப்பதுதான் முறை.

உங்கள் ஃபோனில் இருந்த கடிதத்தை அவன் வாங்கி நின்றபடியே படித்தான் என்றீர்கள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்றீர்கள். நான் தராசுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அத்தை, உங்க பெட்டி எத்தன கிலோ?" என்று கேட்டான் என்றபோது, வாங்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

இன்று பேச்சின் இடையில் நீங்கள் நீட்டியும் அவன் ஃபோனை வாங்கவில்லை. பரவாயில்லை. பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும். உங்கள் முழங்காலும் உங்கள் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் நீங்கள் அவனுக்கும் சேர்த்துச் சொன்ன நிபந்தனைகள் இவை. நான் ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு ரயில் டிக்கெட்டும் உங்கள் செலவு. தங்குவது எங்கள் வீட்டில், மூன்று ராத்திரி, இரண்டு பேர். அவன் வருவது உங்கள் பெட்டியைத் தூக்க மட்டும். கடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஸ்டேஷனுக்கு நான் ஒருவனாகத்தான் வர வேண்டும், முதலில் பேச வேண்டியதும் நான்தான். எல்லாவற்றுக்கும் சம்மதம்.

உங்கள் தம்பி,
லூ தேஷான்