ஆறு மணிக்கு மேல்

திருவொற்றியூர்,
மார்ச் 22, சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஃப்ரெடியும் சுகமாயிருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். அயர்லாந்தில் குளிர் விட்டதா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன். அந்தப் பெட்டிக்குள்ளேயே இதையும் வைத்துவிட்டேன். எண்ணெய் பட்டிருந்தால் கோபப்படாதே.

நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு நீ சொன்னபடியே நேரம் வைத்துவிட்டேன். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, ஞாயிறு கிடையாது, காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கொண்டு வரக் கூடாது என்று பெரிதாக எழுதி வாசல் கேட்டில் கட்டினேன். டென்னிஸ் பயலின் அப்பா பென்னி இருக்கிறானே, அவன் அதைப் படித்துவிட்டு, "இன்னா புஷ்பம்மா, பேங்க் மாதிரி போர்டு மாட்டிக்கினீங்க? லஞ்ச் டைம் போடலயா?" என்று சிரித்தான். அவன் வாய் காசிமேடு வரைக்கும் நீளம். காலை ஆறரைக்கே நான் பல் தேய்க்குமுன் பிள்ளையை விட்டுவிட்டு, இரவு ஏழரைக்கு ஆடி அசைந்து வருகிற ஆள் அவன். போர்டு போட்டபிறகு ஐந்து ஐம்பதுக்கெல்லாம் டாண் என்று வந்து நிற்கிறான். அந்த மட்டில் நீ சொன்னது பலித்தது.

இத்தனை நாளும் நான் யாருக்கும் நேரம் சொன்னதில்லை. ஏன் என்று நீ கேட்டதுமில்லை. உன் அப்பா போய், சாத்தாங்காட்டு இரும்புக் கடையையும் கைமாற்றிவிட்ட பிறகு, இந்த வீட்டில் பிரஷர் குக்கர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதற்காகத்தான் நாலு பிள்ளைகளைச் சேர்த்தேன். தாமதமாக வந்தால் வரட்டும், அதுவரை பிள்ளை இருக்குமே என்று எனக்குள் ஒரு ஆசை. வருகிறவர்களுக்கும் தோசை ஊற்றிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். கெடுத்தது நான்தான்.

பிறகு ஏன் மாற்றினேன்? இங்கே ஆறரை மணி என்றால் அங்கே உனக்குச் சாப்பாட்டு இடைவேளை. நீ கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை கத்தும். ஒரு நாள் நீ, "எப்பம்மா உனக்குன்னு ஒரு அரை மணி நேரம் இருக்கும்? எனக்கு உன்கிட்ட பேசணும்லா?" என்று அழுதுவிட்டாய். அந்த அழுகைக்காகத்தான் அட்டை எழுதினேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நவ்ரீனை உனக்குத் தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறாய். தண்டையார்பேட்டைப் பெண், அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை. வீட்டுக்காரர் அமான் சவூதியில். அவள் மகள் மஹீனுக்கு இரண்டரை வயது. வாயைத் திறந்தால் மூடாது, என்னைப் "புப்பம்மா" என்பாள். எண்ணூர் ரோட்டில் லாரிகள் நின்றுவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும்? நவ்ரீன் வாரத்தில் மூன்று நாள் ஆறே முக்காலுக்குத்தான் வருவாள். அவளிடமும் கறாராகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அது என் புத்திக்கு எட்டவே இல்லை பாரேன்.

உங்கள் ஊரில் ஃப்ரெடியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, நேரம் முடிந்ததும் பிள்ளைக்குக் கோட்டு, ஷூ மாட்டி, பையோடு வாசலில் தயாராக நிறுத்திவிடுவாள் என்று நீ சொன்னாய் அல்லவா? அதையே நானும் செய்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பாளாயிருக்கும். நான் போன வாரம் வியாழக்கிழமை ஆறு அடித்ததும் மஹீனுக்குச் செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டு, கேட்டுக்கு வெளியே படியில் உட்கார வைத்து, கேட்டைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் உள்ளேதான் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கித் தந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழவில்லை. இரண்டு தடவை "புப்பம்மா" என்று கூப்பிட்டது. "அம்மா வருவாங்க, உக்காரு" என்றேன். ஆறு நாற்பதுக்கு நவ்ரீன் ஓடி வந்தாள். ஷேர் ஆட்டோவிலேயே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்திருக்கிறாள், தண்ணீர் பாட்டில் கையில் அப்படியே இருந்தது. படியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நீயும் கூப்பிடவில்லை. டியூட்டி மாறியிருக்கும், எனக்குத் தெரியும்.

மறுநாள் பிள்ளை வரவில்லை. சனி, திங்கள், செவ்வாயும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. புதன்கிழமை மற்றப் பிள்ளைகள் போனதும் ஒரு தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். நல்ல பெண், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நோன்புக் கஞ்சி கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "நீங்க ஆறு மணின்னது கரெக்ட்தாம்மா, நாந்தான் லேட்டு. ஆனா நான் வரசொல்லோ கொயந்த வெளிய குந்திகினு இருந்துச்சு, நீங்க உள்ள இருந்தீங்க. அதான் எனக்குப் பேஜாராப் பூட்ச்சு" என்றாள். இனிமேல் அவள் பெரியம்மா ரஹீமுன்னிசா பார்த்துக்கொள்வாராம்.

அதுவரை மஹீன் அறைக்குள் விளையாடிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டு வெளியே வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த தன் செருப்பை எடுத்து மாட்டி, பையையும் இழுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஐயோ ஜெஸ்லின், என் நெஞ்சே வெடித்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

இப்போது ஐந்து ஐம்பத்தைந்துக்கெல்லாம் வீடு காலி. பிள்ளைகள் போட்டதை எடுத்து வைத்து, தரையைத் துடைத்து, ஆறரைக்குப் போன் அருகில் உட்காருகிறேன். அட்டை கட்டியதிலிருந்து நீ இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாய். உன்னை வைவதற்காகச் சொல்லவில்லை. நர்ஸ் வேலையும் கைப்பிள்ளையும் எனக்குத் தெரியாததா? ஆனால் ஏழு மணி வரை வேறு எதையும் செய்ய மனம் வருவதில்லை. டிவியைக்கூடப் போடுவதில்லை, மணி கேட்காமல் போய்விடுமோ என்று.

அட்டையை நான் எடுக்கவில்லை. ஆறு மணி ஆறு மணிதான், அது இல்லாவிட்டால் பென்னி மறுபடி ஏழரை ஆக்கிவிடுவான். கீழே மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: தாமதமானால் போன் செய்யவும், பிள்ளை உள்ளேதான் இருக்கும்.

ஃப்ரெடியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணி, நீ ஐந்து நிமிடம் தாமதித்தாலும் முகத்தைத் தூக்குகிறாள் என்று சொல்லுவாயே, இனி அவளைத் திட்டாதே. அவளும் யாருடைய போனுக்காகவாவது உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நீ சீக்கிரம் போய் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வா. ஊறுகாயில் கொஞ்சம் அவளுக்கும் கொடு, உறைக்கும் என்று சொல்லிக் கொடு.

என் பாஸ்போர்ட்டைப் போன மாதம் புதுப்பித்துவிட்டேன். காலாவதியாகி வீட்டில் கிடப்பானேன் என்றுதான். இன்னொரு மெத்தை போடுவதற்கு உங்கள் வீட்டில் இடம் இல்லை என்று நீ முன்பு சொன்னாய், எனக்குத் தரையே போதும். ஃப்ரெடி என்னைப் பார்த்ததும் அழுவான், அழட்டும், இரண்டு நாளில் பழகிவிடுவான். கேட்டில் எழுதியிருப்பது ஊராருக்கு, மகளே. நீ எந்த நேரத்தில் வா என்றாலும் நான் வருவேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் குளிரிலும் தனிமையிலும் காப்பாராக.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா
தங்கபுஷ்பம்