குரல் தெரிந்தும் திறக்கவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நலம். நீ நலமாக இருக்கிறாயா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் ராஜினாமா மின்னஞ்சல் வந்தது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் இல்லையா, எழுத்துப் பிழைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. கோபத்தில் எழுதினாலும் ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பலாம். கம்பெனியை விட்டுப் போகக் காரணம் அம்மா என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நான்தான்.

அன்று வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் பேச உட்கார்ந்திருந்தாய். கைப்பேசியையும் மடிக்கணினியையும் டாக்ஸியில் விட்டுவிட்டு, யாருடையதோ ஒரு கணினியை இரவல் வாங்கி, நம் நெட்வொர்க்குக்குள் நுழைய ரகசிய எண் கேட்டு ஆபீசுக்குப் போன் செய்தாய். வரவேற்பில் இருந்தவள் மறுத்ததும் என்னைக் கூப்பிடச் சொன்னாய். "அம்மா, நான்தாம்மா! என் குரல்கூடவா தெரியல? எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டிருக்காங்கம்மா" என்று கெஞ்சினாய். முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒப்பந்தம் போய்விட்டது.

குரல் தெரிந்தது. முதல் 'அம்மா'விலேயே தெரிந்தது. ஆனால் அந்தக் கணினிக்குள் என்ன புகுந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நம்மிடம் இருப்பவை ஊரார் உடம்பின் ஸ்கேன் படங்கள். டாக்டர்கள் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார்கள். போன வருடம் அந்த டாக்டர்களில் ஒருவர் போலப் பேசி எவனோ எண்ணை வாங்கி, எல்லாப் படங்களையும் யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டான். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் நம் வாசலில் வந்து அழுததை நீ மறந்திருக்க மாட்டாய். எண்ணைக் கொடுத்தவளை அன்றே வேலையை விட்டு அனுப்பினாய். கூடத்தில் எல்லோர் முன்னாலும், "குரல நம்பிக் கதவத் திறக்கிறவங்களுக்கு இங்க வேலை கிடையாது, எங்க அம்மாவா இருந்தாலும் சரி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ வெளியூர் கிளம்பிய பிறகு அவளையே மறுபடி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அன்று உனக்கு மறுத்தவள் அவள்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மேடம், சாரேதான் பேசறாரு. ஆனா நான் தர மாட்டேன்" என்றாள். அவள் எதிரிலேயே என் பிள்ளைக்கு நான் எண்ணைக் கொடுத்திருந்தால், மறுநாள் எந்த முகத்தோடு அவளிடம் போய் வேலை சொல்வது?

உன் சித்தப்பா வந்தார். "பெத்த புள்ளைகிட்டயே சட்டம் பேசறீங்களே அண்ணி" என்று அங்கலாய்த்தார். தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். நெட்வொர்க் பார்க்கும் இன்ஜினியரோ, டைரக்டர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வைக்கலாமா என்று கேட்டான். டாக்ஸியில் போனை விடுகிறவர்களே டைரக்டர்கள்தானப்பா என்றேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் எனக்கும் அதே கெடுபிடிதான். மூட்டுவலி விரலோடு ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டித்தான் உள்ளே போகிறேன்.

நாளைக்கே நீ மறுபடி அப்படிக் கூப்பிட்டாலும் தர மாட்டேன். இதற்காக மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

ராஜினாமாவை நான் ஏற்கவில்லை. மின்னஞ்சலை நீதான் அனுப்பினாய் என்று நான் எப்படி நம்புவது? விலகத்தான் வேண்டுமென்றால் நேரில் வா. எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல். அப்போதும் அதையே சொன்னாயானால் கையெழுத்துப் போடுகிறேன்.

வரும் நாளைத் தெரிவி. மாடி அறை ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும், பூட்டியே கிடக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா